ஆங்கிலம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட பெயர்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் தோழர்கள் தினமும் ஆங்கில நாளிதழ் வாசிக்கிறார்கள். உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டை அதில் 'பரையா ஸ்டேட்' என்று எழுதுவார்கள். சொந்தக் கட்சியே கைகழுவிய தலைவர் 'பொலிட்டிகல் பரையா'. அகராதியில் பொருள் தேடினால் 'ஒதுக்கப்பட்டவர்' என்று வரும். மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம்.

அது நம் சேரியிலிருந்து போன சொல், தோழர்களே. பறையர் என்ற தமிழ்ப் பெயர்தான் அது.

புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சேர்த்து, இந்த நான்கைத் தவிர வேறு குடியே இல்லை என்கிறது. அங்கே இழிவு எதுவும் இல்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபார் கரையில் இருந்த போர்ச்சுகீசியர் துவார்த்தே பார்போசா இந்தப் பெயரைத் தன் குறிப்புகளில் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. முதலில் ஒரு சாதியின் பெயராக. 19ஆம் நூற்றாண்டுக்குள் யாரை ஒதுக்கினாலும் அவருக்கு இதே பெயர் என்றானது. தெருநாயைக்கூட வெள்ளைக்காரர்கள் 'பரையா டாக்' என்றார்கள்.

லண்டனில் இது வெறும் உவமை. இங்கே அப்படியில்லை. அன்று பூந்தமல்லி வட்டாரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பறை அடித்தவர்களைப் பற்றியது அல்ல அது. ஏர் உழுது, நாற்று நட்டு, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் இருந்தவர்களைப் பற்றியது. தரிசு நிலம் கேட்டால் மிராசுதார்கள் மறித்தார்கள். இந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. ஊர் ஒதுக்கியது, நிலத்தில் உழைப்பவன் தலைநிமிரக் கூடாது என்பதற்காக. அந்தக் காரணத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது.

நம் முன்னோர்கள் இந்தப் பெயரோடு எப்படி மல்லுக்கட்டினார்கள் என்பது தனி வரலாறு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி ஏசுகிறார்களோ அதையே முகப்பில் அச்சடித்தார். அயோத்திதாசப் பண்டிதருக்கு இதில் உடன்பாடில்லை. எதிரிகள் சுமத்திய பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம். பூர்வத் தமிழர், பூர்வ பௌத்தர் என்றார். எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் 1922இல் அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதி திராவிடர் என்று எழுத ஆணையானது. யார் சொன்னது சரி என்று இன்று தீர்ப்பு எழுத நாம் அவசரப்படவில்லை. தன் பெயரைத் தானே முடிவு செய்யும் உரிமைக்காகத்தான் மூவரும் நின்றார்கள்.

ஆங்கிலம் அந்த உரிமையைக் கண்டுகொள்ளவே இல்லை. இதில் நமக்கு அதிகம் உறைப்பது தென்னாப்பிரிக்கா. கறுப்பின மக்களை நிறத்தால் பிரித்துத் தனிக் குடியிருப்புகளில் அடைத்த அரசை உலகம் புறக்கணித்தபோது, அதற்கு ஆங்கிலப் பத்திரிகைகள் சூட்டிய பட்டம் 'பரையா ஸ்டேட்'. ஒதுக்கிய குற்றவாளிக்கு ஒதுக்கப்பட்டவரின் பெயர்! அணுகுண்டு வைத்து மிரட்டும் நாட்டுக்கும் அதே பெயர். எந்தக் குற்றமும் செய்யாமல் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாம்.

மலேசியாவிலும் இது வசைச்சொல்தான். 2011இல் பள்ளிப் பாடமாக வைக்கப்பட்ட 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவலில் இந்தச் சொல் இருந்ததால் இந்தியர்கள் போராடினார்கள். நாவல் திரும்பப் பெறப்பட்டது. நல்லதுதான். ஆனால் அங்கே எழுந்த குரல்களில் 'நாங்கள் அந்தச் சாதி இல்லை' என்பதும் ஒன்று. கடல் கடந்தாலும் சாதி கூடவே கப்பலேறிவிடுகிறது.

சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் பட்டியல் சாதியினரைச் சாதிப் பெயர் சொல்லி ஏசினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். தலையங்கத்தில் அதே பெயர் ஆங்கில உடுப்பு போட்டு வந்தால் அது நல்ல நடை என்கிறார்கள்.

நம் மாணவர்கள் அந்த நடையைப் பழக வேண்டியதில்லை. 'ஐசோலேட்டட்' என்று எழுதுங்கள், 'ஷன்டு' என்று எழுதுங்கள். மதிப்பெண் குறையாது. ஆசிரியர் ஏன் என்று கேட்டால், 1922ஆம் ஆண்டு ஆணையைச் சொல்லுங்கள்.