தோப்பி: சங்கப் பாடல்களில் வீட்டுக் கனிமதுவும் அதன் செலவும்

முன்னுரை

சங்க இலக்கியத்தில் மது என்றவுடன் நினைவுக்கு வருவன மன்னரின் பொற்கலமும் பாணர்க்கு வார்க்கப்பட்ட தேறலுமே. புரவலரை முன்னிறுத்திய பாடல்கள் மிகுதியாக இருத்தலின் இது இயல்பே. எனினும் கள்ளை வாங்காமலும் பரிசிலாகப் பெறாமலும் தம் குடியிருப்பிலேயே ஆக்கிக்கொண்ட மக்களின் மது பற்றிய செய்திகளும் இப்பாடல்களில் உள்ளன. எயினர், வலைஞர், குறவர் ஆகியோர் கையில் கிடைத்ததைக் கொண்டு மது விளைவித்த முறையையும், 'தோப்பி' என்னும் சொல்லின் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தோப்பி என்பது நெல்லால் ஆன கள் என்று உரைமரபும் அகராதி மரபும் கூறுகின்றன. அப்பொருள் அகநானூற்றின் 348ஆம் பாடலுக்குப் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தோப்பிக்கு வந்த பொருள்

தோப்பி என்னும் சொல் சங்கப் பாடல்களில் மிகச் சில இடங்களிலேயே வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் தம் இல்லில் ஆக்கிய தோப்பியைப் பருகுகின்றனர் (142). அகநானூற்றின் 35ஆம் பாடலில் நடுகல்லுக்குப் பீலி சூட்டி, துடி முழக்கி, தோப்பியும் ஆட்டுப்பலியும் படைக்கின்றனர். அகநானூறு 348இல் குறவர் தோப்பியை மலைத்தெய்வத்துக்குப் படைத்துத் தாமும் உண்கின்றனர்.

இவற்றுள் முதலாவது இடத்துக்கு நச்சினார்க்கினியர் நெல்லாற் செய்த கள் என்று பொருள் கூறினார். உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அவ்வுரையோடு பதிப்பித்தபின் இப்பொருள் நிலைபெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் இதனைத் தருகிறது. அகநானூற்றின் நிலை வேறு. அந்நூலுக்குக் கிடைத்துள்ள பழைய குறிப்புரை முதல் 90 பாடல்களோடு நின்றுவிடுகிறது. ஆகவே 348ஆம் பாடலின் தோப்பிக்குப் பழைய உரைச்சான்று எதுவும் இல்லை. ஒரு நூலின் ஓர் அடிக்கு எழுந்த விளக்கம், வேறு நிலத்தையும் வேறு மக்களையும் பாடும் மற்றொரு நூலுக்கும் உரியதாகக் கொள்ளப்பட்டது எனலாம். பாடலுக்குள் சென்று பார்த்தால் நெல் எங்கும் இல்லை.

அகநானூறு 348 கூறும் செய்முறை

குறவர் குடியிருப்பின் முன்றிலில் திரண்ட அடியுடைய மாமரம் நிற்கிறது. கோடையில் முதிர்ந்த அதன் கனிகளைப் பலாச்சுளையோடு கலக்கின்றனர். தேனிறாலும் அதனோடு சேர்கிறது. வண்டு மொய்க்கும் அவ்வரியல் நீண்ட கணுக்களையுடைய மூங்கிலுள் முதிர்கிறது. அவ்வாறு விளைந்த தோப்பி பாம்பின் நஞ்சு போல் கடுமை உடையது. முதலில் அதனை மலைத்தெய்வத்துக்குப் படைக்கின்றனர். பின்னர்த் தழையுடை அணிந்த மகளிர் வார்த்துக் கொடுக்க ஆடவர் உண்கின்றனர்.

சில அடிகளுக்குள் மூலப்பொருள், கலவை, கலம், முதிர்வு, வழிபாடு, பரிமாற்றம் ஆகிய யாவும் வரிசை பிறழாமல் அமைந்துள்ளன. புலவர் செய்முறை கூற முனைந்தவர் அல்லர். தலைவியின் துயரைச் சொல்ல வந்தவர். அவ்வாறிருந்தும் இச்சித்திரம் நொதித்தலின் அறிவியலோடு இயைந்து நிற்பது வியப்புக்குரியது.

இங்கு மூன்று செய்திகள் கருதத்தக்கன. தேன் தனித்து நிற்கும்வரை நொதிப்பதில்லை. அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு சர்க்கரை. நீரோ 20 விழுக்காட்டிற்கும் குறைவு. அத்தகைய செறிவில் நொதியுயிரிகள் பெருகா. நீர் மிகுந்த மாம்பழச் சாறும் பலாச்சாறும் சேர்ந்தபின்னரே தேனின் இனிமை மதுவாக மாறத் தொடங்கும். கனிகளைப் பிசைந்து கலந்தபின் இறால் சேர்வதாகப் பாடல் கூறும் வரிசையை இவ்வடிப்படையில் காணலாம். இரண்டாவதாக, பாடல் தேன் என்னாது இறால் என்கிறது. அடையோடு பிழியும்போது அதில் சேமிக்கப்பட்ட பூந்தாதும் உடன் கலக்கும். நொதியுயிரிகளுக்கு வேண்டிய நைட்ரசன் தேனில் மிகக் குறைவு; பூந்தாது அக்குறையை ஈடுசெய்யும். இன்று தேன்மது ஆக்குவோர் விலைகொடுத்து வாங்கிச் சேர்க்கும் ஊட்டப்பொருளை அடையே அளித்திருக்கும். மூன்றாவதாக, நொதியைத் தனியே தேடவேண்டியதில்லை. கனிந்த பழத்தின் தோலிலேயே அது வாழ்கிறது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இதே மூன்று பொருள்களைக் கொண்டு மனிதக் கை படாத ஒரு மதுவைக் காட்டுகிறது (187-194). மிளகு உதிர்ந்து கிடக்கும் பாறைச் சுனையில் மாங்கனி வீழ்கிறது; கலைந்த தேனடையிலிருந்து தேன் சொரிகிறது; பலாப்பழம் நெகிழ்ந்து உகுகிறது. அங்கு விளைந்த தேறலை நீரென்று கருதி உண்ட மயில், விழாக்களத்தில் கயிற்றின்மேல் நடக்கும் ஆடுமகளைப் போலத் தளர்கிறது. மா, பலா, தேன் என்னும் சேர்க்கை இரு பாடல்களிலும் ஒன்றாக இருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்குதல் எளிதன்று. சுனையில் தானாக நிகழ்ந்ததைக் கண்ட மலைமக்கள் அதனை மூங்கிலுக்குள் நிகழ்த்திக்கொண்டனர் என்று கருதலாம். மயிலின் தள்ளாட்டத்தைக் கண்டு முதலில் சுவைத்துப் பார்த்தவர் யாரோ!

அரியல் என்பது அரிசியால் ஆன கள்ளைக் குறிக்கும். அதனுள் கனியும் தேனும் பின்னர்க் கலக்கப்பட்டன என்றொரு தடை எழக்கூடும். அரித்தல், அதாவது வடிகட்டுதல், என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல் மூலப்பொருளைச் சுட்டுவதன்று. பனையின் பாளையிலிருந்து இறக்கிய கள்ளை விற்கும் மகளிரும் அரியற்பெண்டிர் எனப்படுகின்றனர் (அகம். 157). மேலும் பாடலில் வரும் ஒரே தானியமான தினை, கலத்துக்குள் அன்று, புனத்தில் விளைந்து நிற்கிறது.

ஆகவே எயினர், நடுகல் வழிபடுவோர், குறவர் ஆகிய மூவர்க்கும் பொதுவாக இச்சொல் உணர்த்துவது நெல்லை அன்று. கடையில் கொள்ளாது குடியினர் தாமே ஆக்கி, தெய்வத்துக்கும் தமக்கும் பயன்படுத்திய மது என்பதே மூவிடத்தும் ஒத்து வரும் பொருள். நெல் கிடைத்தவர் நெல்லாலும், கனி கிடைத்தவர் கனியாலும் அதனை ஆக்கினர்.

மூங்கிலும் மண்ணும்

மூங்கிலில் முதிர்ந்த தேறல் குறிஞ்சிப் பாடல்களில் பலமுறை வருகிறது. ஆய் அண்டிரனின் மலையில் குறவர் அதனை உண்டு வேங்கை நிற்கும் முன்றிலில் குரவை ஆடுகின்றனர் (புறம். 129). மலைபடுகடாமும் இதனைக் கூறும். கணுவால் அடைபட்ட மூங்கில் காற்றைப் பெரிதும் தடுக்கும். காற்றுப் புகுந்தால் மது புளித்துக் காடியாகிவிடும். உடைந்தால் வேறொன்றை வெட்டிக்கொள்ளலாம். குயவரிடம் சாடி கொள்ள நெல்லோ வேறு பண்டமோ இல்லாத குடிக்கு இது சிறு செய்தியன்று.

பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர் வேறொரு வழியைக் காட்டுகிறார் (புறம். 120). புல் வேய்ந்த குடிசைகளில் நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறல் குடிதோறும் வழங்கப்படுகிறது. மண்ணுக்குள் வெப்பம் மிகுதியாக ஏறி இறங்குவதில்லை. வரகும் தினையும் எள்ளும் அவரையும் விளையும் வானம் பார்த்த நாடு அது. அவ்வெளிய குடிசைகளிலும் முதிர்ந்த மதுவுக்குக் குறைவில்லை என்பது பாட்டின் குறிப்பு.

பாம்பு நஞ்சு, தேள் கடுப்பு ஆகிய உவமைகளைக் கொண்டு அக்காலத்தில் காய்ச்சி வடித்த சாராயம் இருந்தது எனக் கொள்வதற்கு இடமில்லை. சிறுபாணாற்றுப்படை (237) சினந்த பாம்பையும், புறநானூறு (392) தேளையும் தேறலுக்கு உவமை கூறுகின்றன. இவை மதுவின் கடுமையைக் கூறும் மரபுத்தொடர்கள். நொதித்தலால் மட்டும் மது ஏறத்தாழ 15 விழுக்காட்டு வலிமை பெற இயலும். நாட்பட முதிர்ந்த தேன்மதுவுக்கு இவ்வுவமை மிகையன்று. ஆவியாக்கிக் குளிர்வித்து வடிக்கும் கருவி பற்றிய குறிப்பு எதுவும் இப்பாடல்களில் காணப்படவில்லை.

வலைஞர் சாடி: ஓர் ஒப்பீடு

நெல்லால் ஆக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியில் வைத்துக் கூறுகிறது (275-282). குற்றாத அரிசியைக் களியாக அட்டு, அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, புற்றினுள் இருக்கும் குரும்பியை ஒத்த நல்லடையைக் கலந்து, இரு பகலும் இரவும் கழித்து, உறுதியான வாயுடைய சாடியில் பச்சை நாற்றம் நீங்க விளைவித்து, விரலால் அலைத்துப் பிழிகின்றனர். தானியத்தில் உள்ளது மாவுச்சத்து. அதனைச் சர்க்கரையாக்கிய பின்னரே நொதிக்க வைக்கமுடியும். அப்பணியைச் செய்வது நல்லடை. இதனை முளைவிட்ட நெல்லின் மா எனக் கொள்வது வழக்கம். எனினும் குரும்பி உவமையும், புறத்தே பூத்திருத்தலைக் கூறும் அடைமொழியும் மற்றொரு வாய்ப்பை நினைக்கச் செய்கின்றன. கறையான் புற்றின் குரும்பி பூஞ்சை படர்ந்த துளைமிகு பொருள். இமயமலைப் பகுதியின் மர்ச்சா, இந்தோனேசியாவின் ராகி ஆகியன பூஞ்சையும் நொதியும் வளர்த்த மா அடைகளே. நல்லடையும் அவ்வகையினதாக இருக்கலாம். அருத்தசாத்திரம் கூறும் கிண்வம் உளுந்தும் அரிசியும் மூலிகையும் சேர்ந்த நொதிப்பொருள் என்பதும் இங்கு ஒப்புநோக்கற்குரியது.

எவ்வாறாயினும் வலைஞரின் மதுவுக்கு அரிசி, விறகு, சாடி, நல்லடை ஆகிய அனைத்தும் வேண்டும். குறவரின் மதுவுக்கு அடுப்பே தேவையில்லை.

விலையும் செலவும்

வாங்கும் கள்ளுக்கு விலை உண்டு. யானைக் கொம்பைக் கொடுத்து நறவுக்குரிய நெல்லைப் பெறுவோரை அகநானூறு 61 காட்டுகிறது. யவனர் கொணர்ந்த தேறல் பாண்டியன் நன்மாறனின் பொற்கலத்தில் ஏந்தப்பட்டது (புறம். 56). முசிறித் துறையில் இறங்கிய திராட்சை மது மிகுதி அன்று என்பதைச் செங்கடற் பெரிப்ளூசு தெரிவிக்கிறது. அது அரண்மனைப் பொருள்.

முன்றிலின் மாங்கனிக்கும் காட்டின் இறாலுக்கும் விலையில்லை. ஆனால் செலவே இல்லை என்று பாடல் கூறவில்லை. தோப்பியை மாந்திய குறவர் தினைப்புனத்தை மறக்கின்றனர்; யானை கதிரைக் கவர்ந்துகொள்கிறது. பொறுக்கமாட்டாமல் இளையரும் முதியரும் சுற்றத்தோடு கூடி வில்லைத் தேர்ந்து அலைகின்றனர். கோடைக் கனியில் ஆக்கிய மது, மழைக்குப்பின் தினை முற்றும் காலத்தில் திறக்கப்படுகிறது என இதனால் உய்த்துணரலாம். சில திங்கள் முதிர்ந்த மதுவும் ஒரு பருவ உழைப்பும் ஒரே நாளில் எதிரெதிர் நிற்கின்றன. ஆண்டுணவு யானையின் வயிற்றில்!

அகநானூறு 102இல் பரண்மீது காவலிருந்த கானவனும் பிழியை உண்டு கிடக்கிறான். அங்கே கொடிச்சி பாடிய குறிஞ்சிப் பண்ணைக் கேட்ட களிறு கதிரைத் தின்னாமல் உறங்கிவிடுகிறது. 348இல் அத்தகைய பாட்டு இல்லை. காவலை மறந்த குறவரின் நிலை, தலைவனின் நிலையற்ற இன்சொல்லை நம்பிய தலைவியின் நெஞ்சுக்கு இணையாக நிற்கிறது. மது இங்கு இகழப்படவில்லை; இழப்பு மட்டும் மறைக்கப்படாமல் சொல்லப்பட்டுள்ளது.

உரிமையின் பிற்காலம்

வீட்டில் மது ஆக்குவதற்கு அனுமதி வேண்டும் என்னும் கருத்தே இப்பாடல்களில் இல்லை. அருத்தசாத்திரம் மது ஆக்கத்தை அரசின் கண்காணிப்பில் வைத்தாலும், குடும்பத்தார் சடங்குகளுக்கு வெண்மதுவும் மருந்துக்கு அரிட்டமும் ஆக்கிக்கொள்ள இடமளித்தது. விழாக்களில் நான்கு நாள் விலக்கும் தந்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் உரிமம் பெறாத ஆக்கத்தைக் குற்றமாக்கியது. மது வருவாய்த்துறையின் பொருளாயிற்று. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்த்தப்பட்டபோது திறக்கப்பட்டவை உரிமம் பெற்ற கடைகளே, வீட்டுச் சாடிகள் அல்ல. ஒன்றையொன்று மறுக்கும் இச்சட்டங்கள் தோப்பியைப் பொறுத்தவரை ஒன்றுபட்டன.

சொல்லும் வழக்கிழந்தது. எஞ்சியிருப்பது அகராதிப் பதிவு. நெல்லாற் செய்த கள் என்னும் அப்பதிவின் கீழ், மாவும் பலாவும் இறாலும் கலந்து மூங்கிலில் முதிர்ந்த அகநானூறு 348இன் தோப்பியும் மேற்கோளாக இடம்பெற வேண்டும்.