மேகத்தில் எத்தனை கிராம் தண்ணீர்?

மேகத்துக்குள் நுழையும் விமானத்தின் இறக்கையில் பனிக்கட்டி படிவது ஏன்? மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகள் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பிறகும் பல நேரங்களில் உறையாமல் நீராகவே இருக்கும். இறக்கையில் மோதியதும் உறைந்துவிடும். இறக்கையின் வடிவம் கெட்டால் விமானத்தைத் தூக்கும் விசை குறையும். எவ்வளவு பனி படியும் என்பதை அறிய, ஒரு கன மீட்டர் மேகத்தில் எத்தனை கிராம் நீர் உள்ளது என்று தெரிய வேண்டும். பெரும்பாலும் அது ஒரு கிராம்கூட இருக்காது!

இவ்வளவு சிறிய அளவை எப்படி அளந்தார்கள்? 1940களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள மவுண்ட் வாஷிங்டன் மலை உச்சியில் ஆய்வாளர்கள் பயன்படுத்திய கருவி மிக எளிமையானது. வெவ்வேறு விட்டமுள்ள உருளைகளை ஒரே அச்சில் பொருத்தி, மேகக் காற்றில் சுழல விட்டார்கள். சுழல்வதால் பனி எல்லாப் பக்கமும் சமமாகப் படியும். பிறகு ஒவ்வொன்றையும் தனியே எடை போடுவார்கள். மெல்லிய உருளை எதிரே வரும் துளிகளில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். தடித்த உருளையை விலகிச் செல்லும் காற்றோடு சிறு துளிகளும் விலகிப் போகும்; பெரிய துளிகளே அதில் மோதும். ஆகவே எடைகளை ஒப்பிட்டால் நீரின் அளவு, துளியின் பருமன் இரண்டும் கிடைக்கும். இதற்கான கணக்கை 1946ல் தந்தவர்கள் இர்விங் லாங்மியூரும் கேத்தரின் பிளாட்ஜெட்டும்.

நாசாவுக்கு முன்பிருந்த என்.ஏ.சி.ஏ. அமைப்பு இதே உருளைகளை விமானங்களில் கொண்டுசென்று மேகங்களை அளந்தது. அந்த அளவுகளே பின்னர் அமெரிக்க விமானச் சான்றிதழ் விதிகளுக்கு அடிப்படையாயின. அடுக்கு மேகங்களுக்கு 15 முதல் 40 மைக்ரான் வரை, குவி மேகங்களுக்கு 50 மைக்ரான் வரை என்று துளியின் பருமனுக்கு எல்லை வகுக்கப்பட்டது. அளவிடும் முறையும் மாறியது. சூடேற்றிய கம்பியில் மோதும் நீர் எவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்பதை வைத்து உடனுக்குடன் அளக்கும் கருவிகள் வந்தன.

ஆனால் உருளைகள் காட்டியது துளிகளின் பொதுவான பருமனைத்தான். ஒவ்வொரு துளியையும் அல்ல. 1994 அக்டோபர் 31 அன்று இந்தியானா மாநிலத்தின் ரோஸ்லான் அருகே ஏ.டி.ஆர்.72 விமானம் ஒன்று விழுந்து, அதிலிருந்த 68 பேரும் இறந்தனர். அது சிக்கிய தூறலில் 100 மைக்ரானுக்கும் பெரிய துளிகள் இருந்தன. பனி நீக்கும் ரப்பர் பட்டைகளுக்குப் பின்னால், அவை எட்டாத இடத்தில் பனி படிந்துவிட்டது.

பெரிய துளிகளுக்கான புதிய விதியை அமெரிக்கா வெளியிட்டது 2014ல். இடையில் இருபது ஆண்டுகள்! மேகத்தின் கணக்கில் விடுபட்ட ஒரு பகுதியைச் சேர்க்க அவ்வளவு காலம் ஆனது.