ஜான் ஷீல்ட்ஸ் அடித்த ஸ்பிரிங்

ஏர் கன் என்றதும் நம்ம மக்களுக்கு மெரீனா பீச்சில் பலூன் சுடுகிற துப்பாக்கிதான் ஞாபகம் வரும். எனக்கு இப்போதைக்கு அதுதான் வாரக்கடைசி பொழுதுபோக்கு. ஒரு பழைய ஏர் கன்னின் மரக்கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, ஆளிவிதை எண்ணெய் பூசுவது, காயவிட்டு மறுபடி தேய்ப்பது. வாரம் முழுக்க கீபோர்டு தட்டுகிற கைக்கு இது ஒரு தனி சுகம். "இந்த நேரத்துக்குப் புதுசே வாங்கியிருக்கலாமே"ன்னு கேட்காத ஆள் இல்லை. அவங்களுக்கெல்லாம் பதிலாக ஒரு வரலாறு வைத்திருக்கிறேன். சரி, மேட்டருக்கு வருவோம்.

1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் ஒரு காற்றுத் துப்பாக்கியைச் சேர்த்துக்கொண்டது. செய்தவர் பார்த்தலோமியோ ஜிராண்டோனி. விளையாட்டுச் சாமான் இல்லைங்க, போர்க்களத்துக்கான ஆயுதம். தோளில் வைக்கிற பின்கட்டைதான் காற்றுத் தொட்டி. இரும்புத் தகட்டில் செய்தது. கைப்பம்பால் சுமார் 1500 தடவை அடித்தால்தான் நிரம்பும். குழலுக்குப் பக்கத்தில் ஒரு குழாயில் 20 குண்டுகளுக்கு மேல் வரிசையாக நிற்கும். முனையை மேலே தூக்கி ஒரு சின்னக் குறுக்குக் கட்டையைத் தள்ளினால் அடுத்த குண்டு தயார். மற்ற சிப்பாய்கள் நிமிஷத்துக்கு இரண்டு மூன்று தடவை மருந்து கெட்டித்துச் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. இதில் புகை கிடையாது, படுத்துக்கொண்டே குண்டு ஏற்றலாம்.

அப்புறம் ஏன் உலகத்தையே பிடிக்கவில்லை? கை வேலைதான் காரணம். ஒவ்வொரு தொட்டியும் கசியாமல் செய்ய நல்ல கைகாரர் வேணும். வால்வில் இருக்கும் தோல் காய்ந்தால் காற்று போயிடும், நம்ம சைக்கிள் பம்பு வாஷர் மாதிரியே. சிப்பாய்க்குத் தனிப் பயிற்சி, பட்டறைக்குத் தனி ஆள். 1815 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் இதைக் கைவிட்டுவிட்டது.

கதை இப்போது அமெரிக்காவுக்குப் போகிறது. 1803-ல் ஜனாதிபதி ஜெஃபர்சன், மிசௌரி ஆற்று வழியாகப் பசிபிக் கடல் வரை பாதை தேட மெரிவெதர் லூயிஸை அனுப்பினார். லூயிஸ் கூடவே ஒரு காற்றுத் துப்பாக்கியை எடுத்துப்போனார். ஃபிலடெல்ஃபியாவில் ஐசையா லூகன்ஸ் செய்த ஒற்றைக்குண்டுத் துப்பாக்கி அதுன்னு ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ஆனால் 1803 செப்டம்பரில் அதை நேரில் பார்த்த தாமஸ் ராட்னி, அது 22 தடவை சுடும்னு தன் டைரியில் குறித்திருக்கிறார். அதனால் அது ஜிராண்டோனி வகைதான் என்பது இப்போது பலரும் ஏற்கிற கருத்து.

லூயிஸ் அதை வைத்துச் சண்டை போடவில்லை. வழியில் சந்தித்த பூர்வகுடிகளுக்கெல்லாம் சுட்டுக் காட்டினார். நெருப்பில்லை, புகையில்லை, ஆனால் குண்டு பாய்கிறது! எங்க பாஷையில் சொன்னால், பேக்கப்பே இல்லாத ஒரே சர்வர். அது படுத்தால் டெமோ அவ்வளவுதான்.

படுக்கவும் செய்தது. 1805 ஜூனில் மரையாஸ் ஆறு மிசௌரியில் கலக்குமிடத்தில் தங்கியிருந்தபோது அதன் மெயின் ஸ்பிரிங் உடைந்திருந்தது. அக்கம்பக்கத்தில் கடையா இருக்கு? குழுவின் கொல்லர் ஜான் ஷீல்ட்ஸ், துருத்தியை அமைத்துப் புது ஸ்பிரிங் அடித்துப் போட்டார். ஜூன் 10-ம் தேதி லூயிஸ் எழுதிய குறிப்பு முக்கியமானது: இந்த மனுஷன் யாரிடமும் முறையாகத் தொழில் பழகியவர் இல்லை, தன் கருவிகளைப் பெரும்பாலும் தானே செய்துகொள்கிறவர், மரமானாலும் இரும்பானாலும் பிரமாதமாக வேலை செய்வார் என்கிறார்.

ஆகஸ்ட் 7-ம் தேதி அதன் குறிபார்க்கும் முனை ஏதோ விபத்தில் பிடுங்கிக்கொண்டது. இந்தத் தடவை லூயிஸே உட்கார்ந்து சரிசெய்து, சுட்டுப்பார்த்து ட்யூன் செய்தார். பத்தே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, ஷோஷோனி மக்கள் முன்னால் அது சுட்டது. அவர்கள் அசந்துபோனார்கள். ராக்கி மலையைத் தாண்ட லூயிஸுக்குக் குதிரை வேணும், குதிரை இருந்தது ஷோஷோனிகளிடம். துப்பாக்கியைப் பார்த்துத்தான் குதிரை கொடுத்தார்கள்னு சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் துப்பாக்கி வியாபாரம் தேவைப்பட்டது, சககாவியா அவர்கள் இனத்துப் பெண். ஆனால் அந்த நேரத்தில் அது வேலை செய்தது, ஷீல்ட்ஸ் அடித்த ஸ்பிரிங்கோடு.

மற்ற துப்பாக்கிகளுக்கு ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ராணுவப் பட்டறையிலிருந்து உதிரி பாகங்கள் கொண்டுபோயிருந்தார்கள். 1806 மார்ச்சில் லூயிஸ் கணக்குப் பார்க்கிறார்: அந்த உதிரிகளும் ஷீல்ட்ஸும் இல்லையென்றால் பெரும்பாலான துப்பாக்கிகள் உதவாமல் போயிருக்கும். ஆஸ்திரியாவில் ஒரு ராணுவமே பராமரிக்கத் திணறிய சாமானைக் காட்டுக்குள் உயிரோடு வைத்திருந்தது, திறந்து பார்க்கத் தயங்காத ரெண்டு மூணு கைகள்.

ராபர்ட் பீமன் என்ற சேகரிப்பாளரிடம் ஒரு ஜிராண்டோனி இருந்தது. பிரதி செய்வதற்காக அதைக் கழற்றியபோது உள்ளே பழைய பழுதுபார்ப்புத் தடங்கள் தெரிந்தன. லூயிஸ் குறிப்புகளோடு அவை பொருந்துவதால் அதுவே இதுன்னு பீமன் வாதிட்டார். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் துப்பாக்கியை அவர் அமெரிக்க ராணுவத்தின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். என்னைக் கேட்டால், மெருகு குலையாத துப்பாக்கியைவிட அரம் பட்ட தடம் உள்ளதுதான் அதிகம் பேசுகிறது.

உங்க ஊரில் பம்புக்குத் தோல் வாஷர் வெட்டித் தருகிற ஆள் இன்னும் இருக்காரா? இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: காற்றுதானேன்னு அசட்டையா இருக்காதீங்க. 1803 ஆகஸ்ட் 30, பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஒருத்தர் கையில் இதே துப்பாக்கி தவறுதலாக வெடித்து, 40 கஜம் தள்ளி நின்ற பெண்ணின் நெற்றிப்பொட்டை உரசிப்போனது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.