எலுமிச்சைச் சட்டம்: நான்கு முறையும் முப்பது நாளும்

அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘எலுமிச்சை’ என்பது விலை கொடுத்து வாங்கிய பின்னரே தன் குறையைக் காட்டும் பொருளைக் குறிக்கும். பலமுறை பணிமனைக்குச் சென்றும் பழுது நீங்காத புதிய காரை வாங்கியவரைக் காக்க அந்நாட்டு மாநிலங்கள் இயற்றிய சட்டங்களுக்கும் அதுவே பெயராயிற்று.

வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது பழைய பொதுச்சட்ட மரபின் அடிப்படை. அம்மரபில் ஒப்பந்தம் செய்துகொண்ட இருவருக்கிடையே மட்டுமே பொறுப்பு நிலவியதால், விற்பனை முகவரிடம் கார் வாங்கியவர் அதைச் செய்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுப்பது அரிதாயிருந்தது. இத்தடையை 1916இல் மெக்பர்சன் எதிர் பியூயிக் வழக்கில் நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தகர்த்தது. சக்கரத்தின் மர ஆரங்கள் நொறுங்கிக் காரின் உரிமையாளர் காயமுற்ற அவ்வழக்கில், கவனக்குறைவால் ஆபத்து விளையத்தக்க பொருளைச் செய்பவர், ஒப்பந்தம் இல்லாவிடினும் அதைப் பயன்படுத்துவோருக்குப் பொறுப்பாளர் என்று நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ தீர்ப்பெழுதினார். எனினும் இது உடற்காயத்திற்கு ஈடு தேடித் தந்ததேயன்றி, ஓடாத காருக்குக் கொடுத்த பணத்தை மீட்டுத் தரவில்லை.

அடுத்த தடை உத்தரவாதப் பத்திரத்திலேயே இருந்தது. 90 நாட்கள் அல்லது 4,000 மைல்கள், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை குறையுள்ள உறுப்பை மாற்றித் தருவதோடு பொறுப்பு முடிந்தது என்று கார் நிறுவனங்கள் ஒரே வாசகத்தில் சிற்றெழுத்தில் அச்சிட்டன. பேரம் பேச இடமில்லாத இத்தகைய நிபந்தனை பொதுநலனுக்கு முரணானது என்றும், பொருள் தன் பயனுக்குத் தகுதியாயிருக்கும் என்ற எழுதப்படாத உறுதியை அது அழிக்காது என்றும் 1960இல் ஹென்னிங்சன் வழக்கில் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் கூறியது.

1975இல் நடைமுறைக்கு வந்த மக்னூசன்–மாஸ் கூட்டாட்சிச் சட்டம், உத்தரவாதங்களை ‘முழுமையானது’, ‘வரையறுக்கப்பட்டது’ என இரண்டாகப் பிரித்து, முழு உத்தரவாதம் அளித்தவர் நியாயமான எண்ணிக்கையில் முயன்றும் பழுதை நீக்க இயலாவிடில் பணத்தையோ மாற்றுப் பொருளையோ தரவேண்டும் என்றது. கார் நிறுவனங்கள் வரையறுக்கப்பட்ட உத்தரவாதத்தையே வழங்கி இக்கடமையிலிருந்து விலகி நின்றன. எத்தனை முறை முயன்றால் அது நியாயமான எண்ணிக்கை என்பதும் வழக்குக்கு வழக்கு வாதிடவேண்டிய ஒன்றாகவே இருந்தது.

1982இல் கனெக்டிகட் மாநிலம் இயற்றிய முதல் எலுமிச்சைச் சட்டத்தின் புதுமை இவ்விடத்தில்தான் உள்ளது. ஒரே குறைக்காக நான்கு முறை பழுதுபார்த்தும் அது நீடித்தாலோ, பழுதுகளால் கார் மொத்தம் 30 நாட்கள் பயன்படாமல் கிடந்தாலோ, நிறுவனத்திற்குப் போதிய வாய்ப்பு அளிக்கப்பட்டுவிட்டதாக அச்சட்டம் அனுமானித்தது. அதாவது, எதிர்மாறாக நிரூபிக்கப்படும்வரை அதையே உண்மையெனக் கொண்டது. அதன்பின், ஓட்டிய தூரத்திற்குரிய தொகையைக் கழித்துக்கொண்டு விலையைத் திருப்பித் தருவதோ வேறு கார் தருவதோ நிறுவனத்தின் கடமையாயிற்று. இன்று 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் உண்டு. உயிருக்கு ஆபத்தான குறைகளுக்குப் பல மாநிலங்கள் இந்த எண்ணிக்கையை இன்னும் குறைத்துள்ளன.

உரிமையைவிட அதை மெய்ப்பிக்கும் எளிய அளவையே இச்சட்டங்கள் புதிதாகத் தந்தன. ஆகவே, முன்பு கணக்குக்காக மட்டும் எழுதப்பட்ட பணிமனைச் சீட்டு, வருகைக்கு ஒன்றாகச் சேர்ந்து, வாங்கியவரின் கையில் முதன்மைச் சான்றாக மாறியது.