நாட்குறிப்பும் மலைத் தோட்டமும்

கேமரன் மலையின் வரலாற்றைத் தேடுவோர்க்கு எழுத்துச் சான்றுகள் சில உண்டு. 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை ஆய்ந்தார். 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். ஆனால், காடு திருத்திக் கொழுந்து கிள்ளிய தமிழர்களோ செக்ரோல் ஏட்டில் பெயராகவும் கூலிக் கணக்காகவும் மட்டுமே நிற்கின்றனர். பனி படர்ந்த விடியலில் பெரட்டுக்கு நின்றவர் நெஞ்சில் இருந்ததைக் கிராணியார் பதியவில்லை. அஃது அவர் வேலையும் அன்று. ஒருவர் தம் வாழ்வைத் தாமே எழுதினாலன்றி, அவர் மனம் வரலாற்றில் ஏறுவதில்லை.

இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குபவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பர் 6ஆம் நாள் நாட்குறிப்பைத் தொடங்கிய அவர், விடுபட்ட நாள்கள் சில இருப்பினும், 1761 சனவரியில் மறையும்வரை எழுதி வந்தார். கப்பல் வருகை, வணிகம், போர் ஆகியவற்றோடு தம் மனக்குறைகளையும் அவர் ஏட்டில் பதித்தார். ஆளுநர் டூப்ளேயின் துபாசியாகிய அவருக்கு ஆளுநர் மனைவியால் நேர்ந்த இடையூறுகள் பல. அவற்றை அவையில் உரைக்க இயலாது. ஏட்டில் உரைக்க இயன்றது. தமிழில் உரைநடை அருகியிருந்த அக்காலத்தில், பேச்சு வழக்கே அவர் கைப்பட எழுத்தாயிற்று. இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் கடந்தபின், அக்குறிப்புகளைத் துணைக்கொண்டு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் புதினங்களைப் படைத்தார் பிரபஞ்சன்.

எழுதுவது நெஞ்சின் சுமையைக் குறைக்கும் என்பதை அறிவியலும் ஆராய்ந்துள்ளது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் சிலர் நான்கு நாள்கள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், தம் துயர அனுபவங்களை எழுதினர். நிகழ்ந்ததோடு தாம் உணர்ந்ததையும் சேர்த்தெழுதியோர், பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது.

ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. நாட்குறிப்பு, கட்டுரைப் பயிற்சி ஏடு அன்று. அதில் சந்திப் பிழைக்குச் சிவப்பு மை படுமானால், மாணவன் பிழையை மட்டுமன்றி உண்மையையும் மறைக்கத் தொடங்குவான். படிக்கப்படாது என்னும் உறுதியே அவனை எழுத வைக்கும். கொழுந்துக் கூடை சுமந்து திரும்பும் தாயின் தோள் தழும்பை, மழையில் மலைச்சாலை சரிந்த நாளினை, அவனன்றி எவர் எழுதுவார்? செக்ரோல் ஏடு விட்டுச்சென்ற வரலாறு, அவனது ஏட்டின் முதற்பக்கத்திலேனும் தொடங்கட்டும்.