முறை வைத்து வந்த சொந்த மைதானம்

தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. விளையாட்டுக்கு இது ரொம்பவே பொருந்தும். தெரிந்த மண், பழகிய காற்று, கைதட்ட நம் ஜனம். ஒரு பெரிய ஆட்டத்தில் இந்த லாபத்தை யாருக்குக் கொடுப்பது? நன்றாக ஆடி வந்தவனுக்கு என்றுதான் நீங்களும் நானும் சொல்வோம். அமெரிக்காவின் தேசிய ஃபுட்பால் லீக் வெகுகாலம் அப்படிச் சொல்லவில்லை. ஏரித் தண்ணீரை முறை வைத்து வாய்க்காலில் திறந்துவிடுவது போல, அதையும் முறை வைத்தே பங்கிட்டது.

முதலில் ஒரு சிறு விளக்கம். அவர்கள் ஃபுட்பால் என்பது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள்; எதிரணி ஆளைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்க்கும். எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். செப்டம்பரில் ஆரம்பித்து வாராவாரம் ஆடுவார்கள். அதில் முன்னணியில் வரும் அணிகள் கடைசிக் கட்டத்துக்குப் போகும். அதற்கு பிளேஆஃப் என்று பெயர். தோற்றால் வீட்டுக்கு, மறு வாய்ப்பு கிடையாது. இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் முன்பே முடிவு செய்த ஓர் ஊரில் நடக்கும். அதற்கு முந்தைய சுற்றுகள் எல்லாம் மோதும் இரண்டு அணிகளில் ஒன்றின் மைதானத்தில்தான்.

அந்த ஒன்று எது என்பதில்தான் வம்பு. லீக் பல பிரிவுகளாக இருக்கும். இந்த வருஷம் இந்தப் பிரிவில் வென்றவர் ஊரில், அடுத்த வருஷம் அந்தப் பிரிவில் வென்றவர் ஊரில் என்று சுழல்முறை வைத்திருந்தார்கள். யார் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்ற கணக்கு இதில் வராது.

1967-ஐப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி அந்த வருஷம் 11 வெற்றி, 1 தோல்வி, 2 சமன். கிரீன் பே பேக்கர்ஸ் 9 வெற்றி, 4 தோல்வி, 1 சமன். (ராம்ஸ் பிரிவிலேயே இருந்த பால்டிமோர் அணியும் அதே 11-1-2தான், அவர்களுக்கு பிளேஆஃப் இடமே கிடைக்கவில்லை. அது தனிச் சோகம்.) டிசம்பர் 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ராம்ஸ், பேக்கர்ஸை 27-24 என்று வென்றது. சரியாக இரண்டு வாரம் கழித்து அதே இரண்டு அணிகளும் பிளேஆஃபில் சந்தித்தன. முறை பேக்கர்ஸின் பிரிவுக்கு. ஆகவே ஆட்டம் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில். டிசம்பர் 23. பேக்கர்ஸ் 28, ராம்ஸ் 7.

இடம் மாறியதால் மட்டும் இப்படி ஆனது என்று நான் சொல்ல மாட்டேன். பேக்கர்ஸின் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி சாமானியர் இல்லை. ஆனால் அதிகம் ஜெயித்தவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனிப் பிரதேசம் போக, குறைவாக ஜெயித்தவன் வீட்டில் காத்திருந்தான் என்பது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

அடுத்த வாரம், டிசம்பர் 31, லீக் சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம். எதிரணி டெக்சஸிலிருந்து வந்த டல்லஸ் கவ்பாய்ஸ். இதிலும் முறை பேக்கர்ஸ் பக்கம்; இடம் கிரீன் பேயின் லாம்போ மைதானம். ஆட்டம் ஆரம்பித்தபோது மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். மார்கழிப் பனிக்கே மஃப்ளர் கட்டும் நம்மவர்களுக்கு இது கற்பனைக்கும் எட்டாது. தரை உறையாமல் இருக்க 80,000 டாலர் செலவில் மண்ணுக்கு அடியில் மின்கம்பி புதைத்துச் சூடேற்ற ஏற்பாடு செய்திருந்தார் லொம்பார்டி. அது அன்று கைவிட்டது. மேலே மூடிய படுதாவை எடுத்ததும் ஈரம் பனிக்கட்டியாகி, மைதானம் கண்ணாடித் தரையானது. ஊதிய விசில் நடுவரின் உதட்டோடு ஒட்டிக்கொள்ள, அதன்பின் வாயால் கத்தியே ஆட்டத்தை நடத்தினார்கள்.

டல்லஸின் மின்னல் ஓட்டக்காரர் பாப் ஹேய்ஸ், பந்து தன்னிடம் வராத ஆட்டங்களில் கையைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டார். வரப்போகிறது என்றால் கையை வெளியே எடுப்பார். எதிரணிக்கு இதைவிட உளவு வேண்டுமா? இருந்தும் டல்லஸ் 17-14 என்று முன்னிலை பெற்றது. கடைசி 16 விநாடி இருக்கையில் பேக்கர்ஸ் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார், பந்தை யாருக்கும் கொடுக்காமல் தானே கோட்டுக்குள் பாய்ந்தார். 21-17. 'ஐஸ் பவுல்' என்று இன்றும் பேசுகிறார்கள். அந்தப் புகழ்பெற்ற குளிர் பேக்கர்ஸுக்கு முறையில் வந்தது என்பதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

இதைவிட வேடிக்கை 1972. மயாமி டால்ஃபின்ஸ் 14 ஆட்டம் ஆடி பதினான்கும் ஜெயித்தது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 11 ஜெயித்து 3 தோற்றது. இருவரும் அரையிறுதியில் சந்தித்தது எங்கே? பிட்ஸ்பர்கில்! ஒரு ஆட்டம்கூடத் தோற்காதவன் விருந்தாளி. மயாமி எப்படியோ 21-17 என்று தப்பியது. பின்பு சூப்பர் பவுலையும் வென்று 17-0 என்று முடித்தது. இன்றுவரை தோல்வியே இல்லாமல் சூப்பர் பவுல் வென்ற ஒரே அணி அதுதான்.

1975-இல்தான் லீக் விதியை மாற்றியது. அதுமுதல் பருவம் முழுவதும் யார் அதிகம் ஜெயித்தார்களோ அவர்களுக்கே சொந்த மைதானம். அதன்பிறகு டிசம்பரில் ஆடும் சாதாரண ஆட்டத்துக்குக்கூட ஒரு மதிப்பு வந்தது. ஜனவரியில் யார் யார் ஊருக்குப் போவது என்பதை அது தீர்மானிக்கிறதல்லவா?

இந்த லாபம் குளிரில் மட்டும் இல்லை, ஆனால் குளிரில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. சான் டியாகோ அணி 1982 ஜனவரி 2 அன்று மயாமியின் புழுக்கத்தில் கூடுதல் நேரம் வரை ஆடி 41-38 என்று வென்றது. எட்டு நாள் கழித்து சின்சினாட்டியில் மைனஸ் 23 டிகிரி. அந்த ஊர் அணியின் முன்வரிசை ஆட்கள் முழங்கை தெரிய நின்றதைப் பார்த்தபோதே பாதி தோற்றிருப்பார்கள். 27-7.

மீதிப் பாதி சத்தம். வந்த அணி பந்தை வைத்திருக்கும்போது உள்ளூர் ஜனம் கத்தித் தீர்க்கும். குவார்ட்டர்பேக் சொல்லும் குறிச்சொல் பக்கத்து ஆளுக்கே கேட்காது. கொரோனா வந்த 2020-இல் அரங்கங்கள் காலியாகவும் அரைகுறையாகவும் கிடந்தன. அந்தப் பருவத்தின் 256 ஆட்டங்களில் சொந்த ஊர் அணிகள் 127 வென்று 128 தோற்றன. ஒன்று சமன். ஜனம் இல்லையென்றால் வீடும் வாடகை வீடுதான் போலிருக்கிறது.

யானை சறுக்கியதும் உண்டு. லாம்போ மைதானத்தில் பிளேஆஃபில் தோற்றதே இல்லை என்ற பேக்கர்ஸின் பெருமையை 2003 ஜனவரியில் அட்லாண்டா உடைத்தது. 2008 ஜனவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அதே மைதானத்தில், மைனஸ் 18 டிகிரியில், கூடுதல் நேரத்தில் 23-20 என்று வென்று போனது.

1975-க்குப் பிறகும் ஒரு ஓட்டை மிச்சம். பிரிவில் முதலிடம் வந்தால், எண்ணிக்கை குறைந்தாலும் முதல் சுற்றில் சொந்த மைதானம் உண்டு. 2010 பருவத்தில் சியாட்டில் 7 வென்று 9 தோற்றும் பிரிவில் முதலிடம். 11 ஜெயித்த நடப்புச் சாம்பியன் நியூ ஆர்லியன்ஸ் அங்கே போய் 41-36 என்று தோற்றது. மார்ஷான் லிஞ்ச் 67 கெஜம் ஓடியபோது ஜனம் குதித்த குதியில், பக்கத்திலிருந்த நிலநடுக்கக் கருவியே அசைந்து பதிவானது!

2024 பருவத்தில் மினசோட்டா வைக்கிங்ஸ் 14 வென்று 3 மட்டுமே தோற்றது. ஆனால் பிரிவில் இரண்டாமிடம். ஆகவே 10 வென்று 7 தோற்ற அணியின் ஊருக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள்தான். அந்த அணி எது தெரியுமா? லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ். 1967-இல் யார் பெட்டியைத் தூக்கினார்களோ, அவர்களேதான். ஆனால் அந்த வாரம் ஊரைச் சுற்றிக் காட்டுத்தீ. ஆட்டத்தை அரிசோனாவுக்கு மாற்றினார்கள். அங்கே தரையில் ராம்ஸ் பெயரை எழுதி, ரசிகர்களை பஸ் வைத்து அழைத்துப் போனார்கள். வைக்கிங்ஸ் குவார்ட்டர்பேக்கை ஒன்பது முறை மண்ணைக் கவ்வ வைத்து, 27-9 என்று ராம்ஸ் ஜெயித்தது.