குழாய் வந்த பிறகும் ஆத்துல குளிக்கிறோமே!



கம்ப்யூட்டர் வந்து விளையாட்டின் சந்தோஷத்தையே கெடுத்துவிட்டது என்று எதிரணிச் சகோதரி பேசினாங்க. சதுரங்கத்தை உதாரணம் காட்டினாங்க. நான் ஐம்பது வருஷத்துக்கு மேலா சதுரங்கம் ஆடுறவன். ஒரு கோப்பைகூட வாங்கினதில்லை. (சிரிப்பு) அதனால சந்தோஷத்தைப் பத்திப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டு! (கைத்தட்டல்)

எங்க திண்ணையில் அன்னைக்கு ஆடினது நாட்டுச் சதுரங்கம். சிப்பாய் எடுத்த எடுப்பில் ஒரு கட்டம்தான் நகரும். ராஜா, செக் வாங்குறதுக்கு முன்னால, ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். இப்படி ஆடின நாட்டிலிருந்துதான் 1961-ல் முதல் சர்வதேச மாஸ்டராக வந்தார், நம்ம தமிழ்நாட்டு மானுவல் ஆரோன். 1962-ல் ஸ்டாக்ஹோமில் ஹங்கேரியின் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் உல்மானையும் ஜெயித்தார். 1972-ல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் தொடங்கக் காரணமாக இருந்தவரும் அவரே. அங்கே பழகிய சிறுவன்தான் விஸ்வநாதன் ஆனந்த். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்!

ஆனா, அந்தக் கிளப் சென்னையில. நாங்க 600 கிலோமீட்டருக்கு அப்பால. ஒரு செஸ் புத்தகம் கிடைச்சா பாளையங்கோட்டைக்கும் ஜங்ஷனுக்கும் பத்துக் கை மாறும். திரும்பி வரும்போது அட்டை இருக்காது. (சிரிப்பு) இன்னைக்கு அம்பாசமுத்திரத்துப் பையன், உலக சாம்பியன் ஆடுற ஆட்டத்தை ஆடும்போதே பார்க்கிறான். இதைக் கொடுத்தது யாரு? கம்ப்யூட்டர்தானே!

1997 மே மாசம் நியூயார்க்கில் ஐ.பி.எம்.மின் 'டீப் ப்ளூ', உலக சாம்பியன் காஸ்பரோவை மூணரைக்கு ரெண்டரை என்று தோற்கடிச்சது. வினாடிக்கு 20 கோடி நிலைகளை அலசுற இயந்திரம். என்னோடு ஆடுற அண்ணாச்சி பேப்பரை மடிச்சு வச்சிட்டு, "என்னடே, இனிமே ஆடி என்ன செய்ய?" என்றார். நான் சொன்னேன்: "அண்ணாச்சி, காஸ்பரோவும் உங்களை ஜெயிச்சிருப்பாரு. அதுக்காக நேத்துவரைக்கும் ஆடாமலா இருந்தீக?" காயை அடுக்கினார். (சிரிப்பு, கைத்தட்டல்)

வீட்டுக்குள்ள குழாய் வந்தாச்சு. ஆனாலும் குறுக்குத்துறையில் இறங்கித் தாமிரபரணியில் முங்கிக் குளிக்கிறோமே, அழுக்குப் போகவா? சந்தோஷத்துக்கு ஐயா, சந்தோஷத்துக்கு!

பிள்ளைகள் யோசிக்காம இயந்திரத்தையே கேட்குதுன்னு ஒரு குற்றச்சாட்டு. சரி. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், 18 வயதில் உலக சாம்பியன் ஆனாரே சென்னைப் பையன் குகேஷ், அவருக்குப் பயிற்சியின் ஆரம்ப வருஷங்களில் கம்ப்யூட்டரைத் தள்ளி வச்சேதான் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போ குறை கருவியிலா, பழக்குறவங்க கையிலா?

"திண்ணை செத்துப்போச்சு" என்று சகோதரி கண் கலங்கினாங்க. திண்ணையை இடிச்சது கம்ப்யூட்டரா? கடை கட்டி வாடகைக்கு விட நாமதான் இடிச்சோம்! (பலத்த கைத்தட்டல்)

அண்ணாச்சி காலமாகி பத்து வருஷமாச்சு. பலகையை விரிச்சா எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. இப்போ தூக்கம் வராத ராத்திரியில், எந்த நாட்டுக்காரரோ, செல்போனில் ஒரு காயை நகர்த்துறார். முகம் தெரியாது. ஆனா அவர் யோசிக்கிறது எனக்குத் தெரியுது. அது ஒரு துணை.

நானும் அண்ணாச்சியும் வருஷக்கணக்கா வாதாடின ஒரு நிலையை, போன மாசம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ரெண்டு பேரும் நினைக்காத ஒரு குதிரை நகர்த்தலைக் காட்டிச்சு. என்ன அழகு! ஓடிப்போய்ச் சொல்ல அண்ணாச்சி இல்லை. அந்த இடத்தில் மட்டும் எதிரணிக்கு அரை மார்க் தரலாம், நடுவர் அவர்களே. ஆனா அது இயந்திரம் பறித்ததில்லை, காலம் பறித்தது. இயந்திரம் எனக்கு ஆட்டத்தை மிச்சம் வைத்திருக்கிறது.

ஆகவே, கம்ப்யூட்டர் யுகத்தில் சந்தோஷம் வளர்ந்தே இருக்கிறது என்று தீர்ப்பு வழங்குங்கள். (கைத்தட்டல்)